புலியைப் புலியாகக் காட்டும் புத்தகம்

குழந்தை கையில் எடுக்கும் முதல் புத்தகத்தில் பெரும்பாலும் ஒரு விலங்கு இருக்கிறது. அது எப்படி வரையப்பட்டிருக்கிறது, என்ன செய்கிறது, புத்தகத்தை மூடிய பிறகு குழந்தையின் மனதில் என்னவாக நிற்கிறது? வாங்குவதற்கு முன் பெற்றோர் பார்க்க வேண்டியவை பற்றி ஒரு சிறப்புப் பார்வை.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். தனக்கு ஒரு நாவல் வாங்க நான்கு கடை ஏறி இறங்கும் அப்பா, பின்னட்டையைப் படித்து, முன்னுரையைப் படித்து, நடுவில் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். குழந்தைக்கு வாங்கும்போது அந்த நிதானம் இருப்பதில்லை. அட்டையில் யானை இருக்கிறதா, நிறம் பளிச்சென்று இருக்கிறதா, விலை கட்டுப்படியாகுமா என்ற கேள்விகளோடு வேலை முடிந்துவிடுகிறது. ஐந்தாறு புத்தகங்கள் ஒரே கட்டாகப் பைக்குள் போகின்றன.

வீட்டில் வந்து பிரித்தால் சிங்கம் கிரீடம் வைத்திருக்கிறது. கரடி டை கட்டியிருக்கிறது. முதலை மனிதப் பல் தெரியச் சிரிக்கிறது. கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ‘நீதி’ என்று போட்டு, குழந்தை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இரண்டு வரி அச்சாகியிருக்கிறது.

விலங்கைக் கண்டால் எந்தக் குழந்தையும் நின்றுவிடும். நடக்கத் தெரியாத வயதிலேயே தெருநாயைப் பார்த்துக் கை நீட்டும். மாடிச் சுவரில் காக்கை வந்து உட்கார்ந்தால் வாயில் இருக்கும் சோற்றை மறந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வருகிற ஆசை இது. இந்த ஆசையைப் பெரியவர்களாகிய நாம் பெரும்பாலும் வேறு காரியங்களுக்குத் திருப்பிவிடுகிறோம். எண் சொல்லித்தர ஒரு குருவி, நிறம் சொல்லித்தர ஒரு கிளி, பொய் சொல்லாதே என்று எச்சரிக்க ஒரு நரி. யானை எப்படித் தண்ணீர் குடிக்கிறது, யாரோடு சேர்ந்து வாழ்கிறது, எதைத் தின்கிறது என்பது மட்டும் யானைப் புத்தகத்தில் வருவதில்லை.

சிறு குழந்தைக்கு விலங்குப் புத்தகம் வாங்கும்போது, விலங்கை விலங்காகவே அறிமுகப்படுத்தும் புத்தகத்தை முதலில் வாங்க வேண்டும். வேடம் போட்ட விலங்குகள் அதற்குப் பிறகு வரட்டும். ஏன் இந்த வரிசை, எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே கிடைக்கும் என்று பார்ப்போம்.

அரிச்சுவடிக்கும் முன்னால்

குழந்தைகளின் படிப்பும் விலங்குகளும் நெடுங்காலமாகச் சேர்ந்தே வந்திருக்கின்றன. குழந்தைகளுக்கென்று படங்களோடு அச்சான முதல் பாடப்புத்தகங்களில் ஒன்றாகப் போற்றப்படும் ‘ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’ 1658இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் வெளியானது. எழுதியவர், இன்றைய செக் நாட்டில் பிறந்த கல்வியாளர் கொமேனியஸ். அதன் தொடக்கத்தில் அவர் எழுத்துகளை விலங்குகளின் குரலைக் கொண்டு அறிமுகம் செய்தார். காக்கை கரைகிறது, ஆட்டுக்குட்டி கத்துகிறது. பக்கத்தில் படம், அந்த ஒலிக்குரிய எழுத்து. நம் அரிச்சுவடியும் அந்த வழியில்தான் போகிறது. அணில், ஆடு, ஈ, எலி, ஒட்டகம் என்று விலங்குகளின் துணையோடுதான் தமிழ்க் குழந்தை எழுத்துக்குள் நுழைகிறது.

1915இல் பாரதி எழுதிய பாப்பா பாட்டிலும் குருவி, கோழி, காக்கை, பசு, நாய், குதிரை, மாடு, ஆடு எல்லாம் வருகின்றன. அவற்றில் ஒன்றுகூட மனித வேடம் போடவில்லை. குருவி பறக்கிறது, பசு பால் தருகிறது, மாடு உழுகிறது. காக்கை திருடுகிறது என்பதையும் பாரதி மறைக்கவில்லை. திருடும் காக்கையிடமும் இரக்கம் காட்டச் சொல்கிறார். விலங்கை அதன் இயல்போடு காட்டி, அந்த இயல்போடு அதை நேசிக்கச் சொல்வது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தமிழில் நடந்துவிட்டது. குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி தேவையில்லை.

மேற்கிலும் சிறந்த படைப்பாளிகள் விலங்கைக் கூர்ந்து பார்த்தவர்களே. பீட்ரிக்ஸ் பாட்டர் 1902இல் வெளியிட்ட பீட்டர் முயல் கதையில் முயல் நீலச் சட்டை போட்டிருக்கிறது. ஆனால் அதன் காது, மூக்கு, பின்னங்கால் எல்லாம் அசல் முயலுக்கு உரியவை. ஓடும்போது செருப்புகள் கழன்று போனதும் பீட்டர் நாலு காலில் பாயத் தொடங்குகிறது. முயல்களை வீட்டில் வளர்த்து, நாள்தோறும் வரைந்து பழகியவர் பாட்டர். 1941இல் வந்த ‘மேக் வே ஃபார் டக்லிங்ஸ்’ புத்தகத்துக்காக ராபர்ட் மெக்லாஸ்கி வாத்துகளை விலைக்கு வாங்கித் தன் நியூயார்க் வீட்டில் வைத்துக்கொண்டு, அவை நடப்பதையும் நீந்துவதையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். அமெரிக்காவில் சிறந்த படப்புத்தகத்துக்குத் தரப்படும் கால்டெகாட் பதக்கம் 1938இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றதும் ஒரு விலங்குப் புத்தகம்தான்: டோரதி லாத்ராப் வரைந்த ‘அனிமல்ஸ் ஆஃப் தி பைபிள்’.

ஒன்பது மாதக் கை, இரண்டு வயதுக் கண்

எந்த வயதுக்கு எந்தப் புத்தகம் என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, படத்தைப் படமாகப் பார்ப்பதே குழந்தை கற்றுக்கொள்ளும் ஒரு திறமை என்பதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் புத்தகத்தில் அச்சாகியிருந்த பொருளைத் தடவினார்கள், சுரண்டினார்கள், பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். பத்தொன்பது மாதம் ஆகும்போது பிடிக்க முயல்வது குறைந்து, விரல் நீட்டிக் காட்டுவது வந்துவிட்டது. இடைப்பட்ட பத்து மாதத்தில், இது பொருள் அல்ல, பொருளைக் குறிக்கும் ஒன்று என்று குழந்தை கண்டுபிடித்திருக்கிறது.

ஆகவே ஒன்றரை வயது வரை கெட்டி அட்டைப் புத்தகமோ துணிப் புத்தகமோதான் சரி. முனைகள் வளைந்திருக்க வேண்டும். குழந்தை கடிக்கும், இழுக்கும், தரையில் அடிக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு விலங்கு போதும். பின்னணியில் மலை, வானவில், வீடு, பூந்தோட்டம் என்று நிறைத்திருந்தால் எது மாடு, எது மற்றது என்று பிரித்துப் பார்ப்பதிலேயே குழந்தை களைத்துவிடும்.

ஒளிப்படமா, ஓவியமா? டிலோச்சும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா கேனியாவும் சக ஆய்வாளரோடு சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பதினைந்து, பதினெட்டு மாதக் குழந்தைகள் புத்தகத்தில் கற்ற பெயரை நிஜப் பொருளோடு பொருத்திப் பார்ப்பது, படம் நிஜத்துக்கு நெருக்கமாக இருக்கும்போது எளிதாக இருந்தது. கார்ட்டூன் போல மாற்றி வரைந்த படங்களில் கடினமாக இருந்தது. இதே ஆய்வாளர்கள் பங்கேற்ற 2010ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மடிப்பைத் திறந்தால் விலங்கு எழுந்து நிற்கும் ‘பாப்-அப்’ புத்தகத்தைவிட, சாதாரண ஒளிப்படப் புத்தகத்தில்தான் சின்னக் குழந்தைகள் விலங்கின் பெயரை நன்றாகக் கற்றார்கள். இழுத்து விளையாடும் ஆர்வத்தில் விலங்கு பின்னுக்குப் போய்விடுகிறது. பொத்தானை அழுத்தினால் மாடு கத்தும் புத்தகத்துக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம். மாட்டின் குரலை அம்மா எழுப்பிக் காட்டினால் குழந்தை அம்மாவின் வாயைப் பார்க்கும், தானும் சொல்லிப் பார்க்கும்.

இரண்டு வயதிலிருந்து மூன்று வரை, திரும்பத் திரும்ப வரும் சொற்களும் ஓசையும் முக்கியம். தூலிகா வெளியிட்ட ‘கஜபதி குலபதி’ இந்த வயதுக்கு ஏற்றது. சென்னைக்காரரான அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த இந்தப் புத்தகத்தில் பெரிய யானை ஒன்றுக்குச் சளி பிடிக்கிறது, தும்மல் வருகிறது. அடுத்த தும்மல் எந்தப் பக்கத்தில் என்று காத்திருந்து, குழந்தையே சேர்ந்து தும்மும்.

பேசும் விலங்கு கூடாதா?

கூடும். ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கேனியாவின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் அதுவரை அறியாத விலங்குகளைப் பற்றிய புத்தகங்கள் வாசித்துக் காட்டப்பட்டன. சிலருக்கு அந்த விலங்கு உள்ளபடியே விவரிக்கப்பட்டது; சிலருக்கு அது மனிதரைப் போலப் பேசி, நினைத்து, ஆசைப்படுவதாகச் சொல்லப்பட்டது. இரண்டாவது வகை மொழியைக் கேட்ட குழந்தைகள் நிஜ விலங்குக்கும் மனித குணங்கள் உண்டு என்று கூடுதலாக நம்பினார்கள். இளைய குழந்தைகள் அந்த விலங்கைப் பற்றிய புதிய செய்திகளையும் குறைவாகவே கற்றார்கள்.

நீதிக்கதைதானே, விலங்கைப் பற்றித் தெரியாவிட்டால் என்ன, நீதியாவது பதியுமே என்று கேட்கலாம். அதே குழுவின் இன்னோர் ஆய்வு, நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்துகொள்வது பற்றிய கதை ஒன்றை இரண்டு விதமாக வாசித்தது. ஒன்றில் பாத்திரங்கள் மனிதர்கள், மற்றதில் உடை உடுத்திய விலங்குகள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்ட குழந்தைகள் பிறகு தங்களிடம் இருந்த ஒட்டுப்படங்களை முன்பைவிட அதிகமாகப் பிறருக்குக் கொடுத்தார்கள். விலங்குக் கதையைக் கேட்டவர்களிடம் அந்த மாற்றம் வரவில்லை. அந்த வயதில், ‘இது கரடிக்குச் சொன்னது, எனக்கில்லை’ என்று குழந்தை எடுத்துக்கொள்வது இயல்பு.

பஞ்சதந்திரத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அரசகுமாரர்களுக்கு ராஜதந்திரம் கற்பிக்க விஷ்ணுசர்மர் சொன்னதாக அந்த நூலே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. நட்பைப் பிரிப்பது, பகைவரை நம்பாதது, ஆபத்தில் தப்பிப்பது பற்றிய கதைகள் அவை. எட்டு, பத்து வயதில் அவற்றைக் கேட்கும் குழந்தை ரசித்து விவாதிக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு அவற்றைச் சுருக்கி, நாலு படம் போட்டு, நீதியைத் தொங்கவிட்டுக் கொடுப்பது கதைக்கும் நியாயம் இல்லை, குழந்தைக்கும் நியாயம் இல்லை.

பேசும் விலங்குக் கதையிலும் மேலானவை உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட, மிக்கி படேலின் ‘ரூபா யானை’ கதையில் தன் சாம்பல் நிறம் பிடிக்காத யானை மற்ற விலங்குகளின் நிறங்களுக்கு ஆசைப்படுகிறது. பல தலைமுறைக் குழந்தைகள் விரும்பிப் படித்த புத்தகம் அது. யானைக்கு எது அழகு என்ற கேள்வி யானையின் உடலிலிருந்தே எழுகிறது. நீதி என்று தனியாக எதையும் ஒட்டவில்லை. கற்பனையும் வேண்டும், உண்மையும் வேண்டும். வீட்டில் பேசும் விலங்குப் புத்தகம் ஒன்று இருந்தால், பேசாத விலங்குப் புத்தகமும் ஒன்று இருக்கட்டும்.

புலி மானைத் தின்னும், கழுகு குஞ்சைத் தூக்கும் என்பதை மறைக்க வேண்டுமா என்றும் பெற்றோர் கேட்கிறார்கள். நான்கு, ஐந்து வயதில் மறைக்க வேண்டியதில்லை. ரத்தம் சொட்டும் படம் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் போதும். பீட்டர் முயலின் அப்பா மனிதர்களுக்கு உணவாகிப் போனதை பாட்டர் முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடுகிறார். குழந்தைகள் அந்தப் புத்தகத்தை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நேசிக்கிறார்கள்.

அந்த அணில் நம் ஊர் அணிலா?

தமிழில் விற்கும் பல விலங்குப் புத்தகங்களின் பெரிய குறை இது. படங்கள் வேறு நாட்டிலிருந்து வருகின்றன, பெயர் மட்டும் தமிழில் அச்சாகிறது.

அணில் என்ற சொல்லுக்கு மேலே செந்நிற உடலும் புசுபுசுவென்ற வாலுமாக ஐரோப்பிய அணில் உட்கார்ந்திருக்கிறது. குழந்தை வேப்பமரத்தில் பார்ப்பதோ முதுகில் மூன்று வெளிர்கோடு ஓடும் அணிலை. காக்கையை முழுக் கறுப்பாக வரைகிறார்கள். நம் வீட்டு வாசலுக்கு வரும் காக்கைக்குக் கழுத்து சாம்பல் நிறம், முழுக் கறுப்பாக இருப்பது அண்டங்காக்கை. நரி என்று ஆரஞ்சு நிறத்தில் வெள்ளை வால்நுனியோடு வருவது குளிர்நாட்டு நரி. நம் கிராமத்துப் புறங்களில் ஊளையிடும் நரி பழுப்பும் சாம்பலும் கலந்தது. பசுவென்றால் திமில் இல்லாத கறுப்பு வெள்ளைப் பசு மட்டும்தான். காங்கேயம் மாட்டின் திமிலைப் படத்தில் காண்பது அரிது. யானைக்கு ஆப்பிரிக்க யானையின் விசிறிக் காது. குயில் என்றால் எப்போதும் கறுப்பு. பெண் குயில் பழுப்பில் புள்ளி புள்ளியாக இருக்கும் என்பதைப் பெரியவர்களே பலர் அறிய மாட்டார்கள்.

செய்திப் பிழைகளும் ஏராளம். பென்குவினும் பனிக்கரடியும் ஒரே பனிப்பாறையில் நிற்கும்; ஒன்று பூமியின் தென்பாதியில் வாழ்கிறது, மற்றது வடதுருவப் பகுதியில். சிங்கம் எல்லாக் காட்டுக்கும் ராஜாவாக இருக்கும். இந்தியாவில் சிங்கம் இயற்கையாக வாழ்வது குஜராத்தின் கிர் பகுதியில் மட்டுமே, தமிழ்நாட்டுக் காடுகளில் இருப்பது புலி. யானைக் கூட்டத்துக்கு ஓர் ஆண் யானை தலைமை தாங்கும்; உண்மையில் கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை. யானை தும்பிக்கை வழியாகவே தண்ணீர் குடித்து முடிக்கும். உண்மையில் உறிஞ்சி வாய்க்குள் விட்டுக்கொள்கிறது. மூன்று வயதுக் குழந்தை புத்தகத்தைச் சந்தேகிக்காது. அச்சில் பார்த்ததை நம்பும்.

இன்னும் ஆழமான பாதிப்பு, எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதை வெறுக்க வேண்டும் என்று புத்தகம் பழக்கிவிடுவது. பாம்பு என்றால் வில்லன், ஆந்தை என்றால் அபசகுனம், பல்லியும் வௌவாலும் அருவருப்பு. வயல் எலிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது கூகை. பாம்பும் அந்த வேலையைச் செய்கிறது. ஸாய் விட்டேக்கர் எழுதி தூலிகா வெளியிட்ட ‘காளி அண்ட் தி ராட் ஸ்னேக்’ இங்கே முக்கியமான புத்தகம். இருளர் சமூகத்துச் சிறுவன் காளி, பள்ளியில் தன்னைத் தனியனாக உணர்கிறான். ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு வந்துவிட, எல்லாரும் அலறுகிறார்கள். காளி பதற்றமில்லாமல் பிடிக்கிறான். பாம்பைப் பற்றிய அச்சமும் இருளர்களைப் பற்றிய ஏளனமும் ஒரே கதையில் விலகுகின்றன. பாம்புபிடிப்பில் தலைமுறை அறிவு கொண்ட இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றதையும் சேர்த்துச் சொன்னால் குழந்தைக்குக் கதையும் நிஜமும் இணைந்துவிடும்.

எழுத்து சொல்லாததைப் படம் சொல்லும்

நல்ல படப்புத்தகத்தில் படம் அலங்காரமாக நிற்பதில்லை; கதையில் பாதியைச் சுமக்கிறது. இதற்கு பாட் ஹட்சின்ஸின் ‘ரோஸீஸ் வாக்’ (1968) மிகத் தெளிவான சான்று. மொத்தப் புத்தகமும் ஒரே வாக்கியம். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு வீடு திரும்புகிறது என்பதற்கு மேல் எழுத்து எதையும் சொல்வதில்லை. படத்திலோ கோழிக்குப் பின்னால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு நரி பதுங்கி வருகிறது, ஒவ்வொரு முறையும் எதிலாவது மாட்டிக்கொள்கிறது. நரி என்ற சொல்லே புத்தகத்தில் இல்லை. வாசிக்கிற பெரியவருக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்டது என்று குழந்தை கத்தும். எழுத்து தெரியாத குழந்தை அங்கே முழு வாசகராகிவிடுகிறது.

சென்னையின் தாரா புக்ஸ் 1997இல் வெளியிட்ட ‘டைகர் ஆன் எ ட்ரீ’ நம் நாட்டுச் சாதனை. அனுஷ்கா ரவிசங்கரின் சந்தம், புலக் பிஸ்வாஸின் ஓவியம். கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு தவிர வேறு நிறமே இல்லாமல் ஒரு புலியின் பயத்தையும் பாய்ச்சலையும் காட்டிவிடுகிறார் பிஸ்வாஸ். மரத்தில் ஏறிக்கொண்ட புலியை ஊரார் பிடித்துவிடுகிறார்கள்; பிடித்த புலியை என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் விட்டுவிடுகிறார்கள். நீதி என்று ஒரு சொல் இல்லை. குழந்தைக்கு எல்லாம் புரிகிறது.

எரிக் கார்ல் 1969இல் உருவாக்கிய ‘தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்’ புத்தகத்தில் புழு தின்ற இடத்தில் காகிதத்திலேயே ஓட்டை இருக்கும். குழந்தை விரலை விட்டுப் பார்க்கும். அதில் ஒரு பிழையும் உண்டு. கடைசியில் பட்டாம்பூச்சி நூற்கூட்டிலிருந்து வருவதாகச் சொல்கிறார் கார்ல். நூல் நூற்றுக் கூடு கட்டுபவை அந்துப்பூச்சிகள். பட்டாம்பூச்சியின் புழு தோலை உரித்துக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. இதற்காகப் புத்தகத்தைத் தள்ள வேண்டியதில்லை. வாசித்து முடித்ததும் வீட்டுத் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியைக் குழந்தையோடு சேர்ந்து தேடிப் பாருங்கள். கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும். வெந்தய வரியனின் புழுவுக்கு எருக்கஞ்செடி. கார்லின் புழு கேக்கும் பழமும் தின்றது, நம் செடிப் புழு இலை மட்டும் தின்கிறது என்பதைக் குழந்தையே கண்டுபிடித்துச் சொல்லும்.

எங்கே கிடைக்கும்?

தமிழ்ப் பெற்றோருக்கு இன்று வழி இல்லை என்று சொல்ல முடியாது. சென்னையின் தூலிகா 1996இலிருந்து தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் படப்புத்தகம் வெளியிடுகிறது. வீட்டில் ஆங்கிலமே மிகுந்த குடும்பங்களுக்கு அதன் இருமொழிப் புத்தகங்கள் உதவும். தாரா புக்ஸ் கோண்ட், வார்லி போன்ற பழங்குடி ஓவிய மரபுகளிலிருந்து விலங்குப் புத்தகங்கள் செய்கிறது. விலை கூடுதல், ஆனால் கைத்தாளில் திரை அச்சில் உருவான அந்தப் பக்கங்களைத் தொட்டுப் பார்ப்பதே ஒரு கல்வி. நேஷனல் புக் டிரஸ்ட்டும் சில்ரன்ஸ் புக் டிரஸ்ட்டும் குறைந்த விலையில் நல்ல ஓவியங்கள் தருகின்றன. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் பதிப்பகம் ஆகியவை சிறார் நூல்களைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. ஏழு, எட்டு வயதானால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழை அறிமுகப்படுத்தலாம். 1987இலிருந்து வருகிற இதழ் அது.

கையில் பணம் இல்லாவிட்டாலும் வழி உண்டு. பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளில் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்செடுத்து வகுப்பறையிலும் பயன்படுத்தலாம். சின்னக் குழந்தைக்குத் திரையில் காட்டுவதைவிட அச்செடுத்துக் கொடுப்பது நல்லது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் திரைநேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதல். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்று விரிவான பிரிவுகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு நிலையாகப் பிரித்துத் தருகிறது. வீட்டுக்கு வாங்கும் பெற்றோருக்கும் இந்தப் பிரிப்பு நல்ல வழிகாட்டி.

கடையில் நின்றபடி பார்க்க வேண்டியவை

• அட்டையைவிட நடுப்பக்கத்தைப் பாருங்கள். அட்டைக்கு ஓர் ஓவியர், உள்ளே வேறு கை என்றால் வைத்துவிடுங்கள்.

• உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விலங்கின் பக்கத்தைத் திறந்து, படம் சரியா என்று சோதியுங்கள். காக்கையையே தவறாக வரைந்தவர் காண்டாமிருகத்தைச் சரியாக வரைந்திருப்பார் என்று நம்ப வேண்டாம்.

• ஒரு பக்கத்தை மெல்லிய குரலில் வாசித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கினால், ‘யானையானது மிகுந்த துயருற்றது’ என்ற தினுசில் மொழி விறைத்திருந்தால், குழந்தைக்கு அது காதில் ஏறாது.

• தானே எழுத்துக்கூட்டத் தொடங்கிய குழந்தைக்கு வாங்கினால் எழுத்து பெரிதாகவும், வெள்ளைப் பின்னணியிலும், சொற்கள் சிறியதாகவும் இருக்க வேண்டும். ‘ஓடிக்கொண்டிருந்தது’ என்பதைவிட ‘ஓடியது’ என்பது முதல் வாசகருக்கு எளிது.

• எழுத்தாளர், ஓவியர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். யார் பெயரும் இல்லாத புத்தகத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்று பொருள்.

• கடைசிப் பக்கத்தில் நீதி கட்டம் கட்டி இருந்தால், கதை தானாக அதைச் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்கிறது என்றால் கட்டம் தேவையில்லை. சொல்லவில்லை என்றால் கதையே தேவையில்லை.

• மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் இரண்டு புத்தகத்தைக் கொடுத்து ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். அதன் தேர்வு உங்கள் தேர்வாக இல்லாவிட்டாலும் வாங்கிக் கொடுங்கள்.

வாங்கினால் மட்டும் போதாது

புத்தகத்தை எப்படி வாசிக்கிறோம் என்பதில் பாதிப் பயன் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டோனி புரூக்கில் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட்டின் குழு 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு ஓர் எளிய பழக்கம் கற்பிக்கப்பட்டது: தாமே வாசித்துக்கொண்டு போகாமல், குழந்தையைக் கேள்வி கேட்டுப் பேச வைப்பது, அது சொன்னதை விரித்துச் சொல்வது. ஒரு மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சில் மற்ற குழந்தைகளை முந்தியிருந்தார்கள்.

‘இது என்ன?’ என்று மட்டும் கேட்டால் பதில் ஒரு சொல்லோடு முடியும். ‘இந்த ஆடு எங்கே பார்க்குது?’, ‘குட்டி ஏன் அம்மாவை ஒட்டி நிக்குது?’, ‘அடுத்த பக்கத்துல என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். பதில் தவறாக இருந்தாலும் முழுதாகக் கேளுங்கள். மூன்று வயது வரை எழுத்துத் தமிழைப் பேச்சுத் தமிழாக்கி வாசிப்பதில் தவறில்லை. நான்கு வயதில் அச்சில் உள்ளபடியே வாசிக்கத் தொடங்கினால், பள்ளியில் எழுத்துத் தமிழ் அந்நியமாகத் தோன்றாது. ஒரே புத்தகத்தை இருபதாவது முறை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறையும் குழந்தை வேறொன்றைப் பார்க்கிறது. பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் அவர்களிடம் புத்தகத்தைக் கொடுங்கள். தாங்கள் வளர்த்த மாட்டைப் பற்றியும் கூரையில் அடைகாத்த குருவியைப் பற்றியும் அவர்கள் சேர்த்துச் சொல்வது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது.

பதிப்பாளர்களிடமும் எழுத்தாளர்களிடமும் ஓவியர்களிடமும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. மாநிலப் பறவை மரகதப் புறா. தமிழ் மறவன் 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியானது. பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கும், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்க் காடுகளில் தேவாங்குக்கும் 2022இல் தனிப் பாதுகாப்பிடங்கள் அறிவிக்கப்பட்டன. ஒட்டகச்சிவிங்கியையும் வரிக்குதிரையையும் அடையாளம் சொல்லும் நம் குழந்தைகளில் எத்தனை பேர் தேவாங்கின் படத்தைப் பார்த்திருப்பார்கள்? இவை ஒவ்வொன்றுக்கும் காட்டுக்குப் போய், கடலுக்குப் போய், பார்த்து வரைந்த நல்ல படப்புத்தகங்கள் தமிழில் நிறைய வர வேண்டும். காட்டுயிர் ஆய்வாளர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வாங்க ஆள் இருக்கிறார்களா என்ற தயக்கம் வேண்டாம்.

அந்தத் தயக்கத்தைப் போக்கும் பொறுப்பு பெற்றோருடையது. அடுத்த முறை புத்தகக் கடைக்குப் போகும்போது, உங்களுக்கு ஒரு புத்தகம் தேர்ந்தெடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறீர்களோ அவ்வளவு நேரத்தைக் குழந்தையின் புத்தகத்துக்கும் கொடுங்கள். நம் ஊர் விலங்குகளைப் பற்றிய புத்தகம் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த முறையும் கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால் புத்தகம் வரும்.